கொள்ளிடோசாரஸின் பாதித் தொடை

ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகையில் குடியிருந்த கன்னியம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது தெரியாதவர்கள் அவளைச் சாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

1984இல் அம்பத்தூரில், ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்த புதைபடிவ ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைக்கத் தினக்கூலியாகச் சேர்ந்தாள். ஐந்தாவது வரைதான் படிப்பு. அரியலூர்ப் பக்கத்து ஓடைகளிலிருந்து உடைந்த எலும்புகள் சாக்கு சாக்காக அங்கே வந்து இறங்கும். ஒருநாள் இரண்டு துண்டுகளை எடுத்து, உடைந்த முனையின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது அதோட ஜோடி” என்றாள். வைத்துப் பார்த்தால் மயிரிழை இடைவெளி இல்லை. ஆறு மாதத்தில் துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போனது. கன்னியம்மாவிடம் தூரிகையும் பசையும் வந்தன. வருகைப் பதிவேட்டில் மட்டும் கடைசிவரை பெருக்குகிறவள்தான்.

1986 கோடையில் இரண்டு இடங்களிலிருந்து இரண்டு சாக்குகள் வந்தன. கூடத்தின் தலைவர் பார்த்தசாரதி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய துண்டை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். தொடை எலும்பு மாதிரி நீளமாகத் தெரிந்தது.

“ஒட்டிடு” என்றார்.

கன்னியம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சார், இது ரெண்டும் ஒண்ணு இல்ல.”

“ஏன் இல்ல? ஒரே கலர்தானே?”

“கலரு இன்னா சார், மண்ணுல கெடந்தா எல்லாம் அந்தக் கலருதான். உள்ள பாரு சார். இது ரஸ்க்கு கணக்கா பொரபொரன்னு கீது. அதுல ரேகை ஓடுது. அது எலும்பே இல்ல சார், மரம் கல்லாயிருக்குது.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? நடுவுல பிளாஸ்டர் வச்சு நிரப்பு. நாளைக்குப் பேப்பர்காரங்க வர்றாங்க.”

ஒட்டினாள். இரண்டு வாயிலும் பசை பூசி, நடுவில் நாலு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர் வைத்து, அதற்கு எலும்பின் நிறமும் ஏற்றினாள். தன்னையே அவள் மன்னிக்காத வேலை அது ஒன்றுதான்.

பெயர் காபி குடிக்கும்போது பிறந்தது. பார்த்தசாரதி ‘கொள்ளிடோசாரஸ்’ என்றார், நிருபர் எழுதிக்கொண்டார். திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் வேன் ஓட்டிய அவள் புருஷன் வேம்புலி, மறுநாள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“இன்னாமே, நீ ஒட்னது பேப்பர்ல வந்துகீது!”

“நான் ஒட்னது இல்ல. ஒட்ட வச்சது” என்றாள். பேப்பரைக் கையில் வாங்கக்கூட இல்லை.

ஐந்து வருடம் அந்த எலும்பு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஆவடிக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரிசையாக வந்து பார்த்தார்கள், பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பெட்டியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டியவள் கன்னியம்மா. முறையான ஆய்வுக் கட்டுரை ஒன்று வரப்போகிறது என்று பார்த்தசாரதி சொல்லிக்கொண்டே இருந்தார். வரவில்லை.

1991இல் வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் அந்த எலும்பைப் பார்க்க வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது. “இந்தப் பாதி எனக்குச் சந்தேகமா இருக்கே” என்றார்.

பார்த்தசாரதி யோசிக்கவே இல்லை. “ஒட்டினது ஒரு கூலிக்காரப் பொம்பளை. அவளுக்கு என்ன தெரியும்? தப்பு நடந்திருக்கும்.”

வாசலில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்தாள். அலமாரியிலிருந்து பசையை இளக்கும் அசிட்டோன் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

“கன்னியம்மா, தொடாதே!”

“நான் ஒட்னதுதான சார்? நானே பிரிக்கிறேன்.” பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது.

நனைத்த பஞ்சை ஒட்டின இடம் முழுக்கச் சுற்றினாள். காய்ந்தால் மறுபடி நனைத்தாள். ஜேம்ஸ் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார், அவள் உட்காரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பசை இளகி, பிளாஸ்டர் கட்டி அவள் கையோடு வந்தது.

ஜேம்ஸ் இரண்டு வாயையும் பார்த்தார். “இது எலும்பு. இது கல்லான மரம்.”

“எண்பத்தாறுலயே சொன்னேன் சார். அப்ப இந்த எலும்பு எதோடது?”

“டைனோசராவும் இருக்கலாம், வேற பெரிய பிராணியாவும் இருக்கலாம்மா. இந்தத் துண்டை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப அந்தப் பேரு?”

“படம் போட்டு, விவரம் எழுதி, ஆய்விதழ்ல வந்தாத்தான் பேரு. இது வாய்ப்பேச்சு.”

அவள் பார்த்தசாரதி பக்கம் திரும்பினாள். “தெரியலன்னு ஒரு வார்த்த எழுதுனா இன்னா சார் கொறஞ்சிடுவ? எத்தினி புள்ளைங்க எழுதிகினு போச்சு!”

மறுவாரமே, உத்தரவில்லாமல் எலும்பு மாதிரியைச் சேதப்படுத்தினாள் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். கன்னியம்மா தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்: ‘ஒட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பிரித்ததற்குக் கேட்க மாட்டேன்.’ அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. நடந்ததை ஜேம்ஸ் மேலிடத்துக்கு எழுதிய பிறகு, நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதே தினக்கூலி. பார்த்தசாரதி 1994இல் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

எலும்பும் மரமும் தனித்தனிப் பெட்டிக்குப் போயின. எலும்புப் பெட்டியில் ‘எந்த விலங்கு என்று தெரியவில்லை’ என்று சீட்டு ஒட்டினாள்.

1997இல் ஒரு வாரப் பத்திரிகை கொள்ளிடோசாரஸுக்குப் பச்சை நிறத்தில் நீளக் கழுத்தும் வாலும் வரைந்து நடுப்பக்கத்தில் போட்டது. கன்னியம்மா மறுப்பு எழுதினாள். வரவில்லை. இன்னொன்று எழுதினாள். மூன்றாவதைப் போட்டார்கள், ஓரமாக, நாலு வரியில், ‘கன்னியம்மாள், கொரட்டூர்’ என்று.

“வந்துருச்சுமே!” என்றான் வேம்புலி.

“கோவில்பதாகைன்னுதான எழுதுனேன்? கொரட்டூர்ல எனக்கு யாரு கீறாங்க?” என்று அவள் இன்னொரு இன்லண்ட் லெட்டரைப் பிரித்தாள்.