இரையாத டிரான்ஸ்பார்மர்

மாணிக்கம் அண்ணா! நெஞ்சு நோயோடு படுத்திருந்த நீ, நாடு விடுதலையாகும் மெர்டேக்கா செய்தியை ரேடியோவில் கேட்க ஆசைப்பட்டாய். அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் பெட்டியின் இரைச்சல்தான் உன் தலையைக் குடைந்தது.

இரையாத ஒன்றை வாங்க, காஜா பேராங் தெருவில் இருந்த ரேடியோ சாமான் கடைக்கு ஓடினேன். கடைக்கார பாய் காற்றாடியை நிறுத்தினார். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதான்மா, பூனை மாதிரி. எடுத்துட்டுப் போ லா, அண்ணன் நல்லா கேக்கட்டும்."

வீட்டில் மாட்டியதும் நீ சிரித்தாய். "சத்தமே காணோமே தங்கச்சி. வேலை செய்யுதா, தூங்குதா?"

செய்தி தெளிவாக வந்தது. அது முடிந்த அமைதியில் உன் மூச்சு இழுப்பது கேட்டது. இத்தனை நாளாய் பழைய இரைச்சல் அதை மறைத்திருக்கிறது. உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. சாயங்காலம் அதுவும் நின்றது.

படிக்கிறவர்களே, என் அண்ணனுக்காக உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.