குதிரைக்குப் போட்ட கையெழுத்து

காக்கி அட்டை போட்ட அந்த நோட்டில் நான் கையெழுத்திட்டபோது விரலிலிருந்த கிரீஸும் காகிதத்தில் அப்பிக்கொண்டது. "கையெழுத்தோட கைரேகையும் ஆச்சு. இனித் தப்பிக்க முடியாதுங்க டிரைவர்" என்று டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் நான் சொல்லி எழுதவைத்தது முழுக்கப் பொய் என்பது எனக்குத் தெரியும்.

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டிய நேரத்தைவிட வாயடித்த நேரம்தான் அதிகம். டீச்சர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தத் தோட்டமுள்ள குடும்பம். டிஸ்பென்சரி நர்ஸம்மா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். இருவருக்கும் தனித்தனிக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். டீச்சருடையதில் இருவரும் குடியிருந்தார்கள். நர்ஸம்மாவுடையதில் புத்தகங்கள் குடியிருந்தன. புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படித்தான் இருபது வருஷம் வாழ்ந்தார்கள். தொழிலாளர் லைன் வீடுகளில் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரு" என்றால் எல்லோருக்கும் புரியும். சாயங்காலங்களில் ஒருவர் நாவல் படிக்க மற்றவர் கேட்பார். கதாநாயகி செய்தது சரியா என்று சண்டை வந்து ரசம் ஆறிப்போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் வரலாறு எழுத நோட்டோடு வீடு வீடாகப் போவார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி, படித்துக் காட்டி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்குவது அவர்கள் வழக்கம்.

என்னிடம் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டு ஓரத்து இடுகாட்டைப் பற்றிக் கேட்டார்கள். என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியே அங்கேதான் கிடக்கிறார். நான் சும்மா இருந்தேனா? "அது மனுசங்க எடமே இல்லீங்க. துரையோட குதிரைய அங்க பொதச்சாங்க. பாண்டு வாத்தியம், மூணு நாள் லீவு. மத்த மேடெல்லாம் அதோட குட்டிங்க" என்று அளந்தேன். நர்ஸம்மா டீச்சரின் கையைப் பிடித்தார். "எழுதாத புள்ள, இவன் பொய் சொல்றான்."

"சொல்லட்டும். இப்படி ஒரு ஆளும் இங்க இருந்தான்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று டீச்சர் எழுதி முடித்தார்.

பிறகு பச்சைத் தேயிலை விலை சரிந்தது. பாக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடியது. அப்புறம் அதுவும் இல்லை. தேயிலை உண்மையில் மரம். நாம்தான் வெட்டி வெட்டி அதைச் செடியென்று நம்பவைத்திருக்கிறோம். பறிக்க ஆளில்லாமல் அது தலைக்கு மேல் எழுந்து பாதைகளை மூடியது. உள்ளே காட்டெருமை மூச்சுவிடுவது கேட்கும், உருவம் தெரியாது. அந்த மழைக்காலத்தில் டீச்சர் இருமத் தொடங்கினார். அது என்ன இருமல் என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் பேச்சு குறைந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது லாரியில் டீச்சர் சொன்னார்: "எங்க ரெண்டு பேரையும் ஒன்பதாம் நம்பர்லயே பக்கம் பக்கமா வச்சிருங்க டிரைவர். என்னைய ஊருக்குக் கொண்டுபோக உட்டுறாதீங்க."

"குதிரைங்க ஒதுங்கி எடம் குடுத்தா சரிங்க" என்றேன். நர்ஸம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த மாதமே அந்தக் காட்டை விற்க அளவெடுக்க வந்துவிட்டார்கள். எங்கள் இடுகாடு என்பதற்கு அத்தாட்சியாக டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஆபீசுக்கு நடந்தார். பின்னால் நாங்கள் முப்பது பேர். மேனேஜர் பொறுமையாகப் பக்கம் புரட்டினார். ஓரிடத்தில் நின்று, சத்தமாகப் படித்தார். குதிரை, பாண்டு வாத்தியம், லீவு, கீழே என் கையெழுத்து.

"அது நான் சும்மா அளந்ததுங்க" என்றேன்.

"அப்ப மத்த பக்கமெல்லாம் யார் அளந்தது?" என்றார்.

டீச்சர் நோட்டை மூடி வாங்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு வாரத்தில் ஒன்பதாம் நம்பரைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, கேட்டில் பூட்டுத் தொங்கியது.

டீச்சர் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டியது. ஊருக்கு எடுத்துப்போக அவர் தம்பி வேன் கொண்டுவந்தார். "நீங்க யாருங்க?" என்று நர்ஸம்மாவைக் கேட்டார். "கூட இருந்தேன்" என்றார் நர்ஸம்மா. வேனில் இடமில்லை என்றார்கள். அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். அவர்கள் தோட்டத்திலேயே குழி; அங்கே பெண்கள் குழிவரை போகும் வழக்கமில்லை. நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டார். அவருக்காக மண் போட்டது நான்.

மலைக்குத் திரும்பியதும் நர்ஸம்மா நோட்டைத் திறந்தார். "அளக்காம சொல்லு. தல எந்தப் பக்கம்?"

"தெக்கால."

"மரம் ஏதும் இருக்கா?"

"ஒரு வேப்பமரம்."

"பக்கத்துல எடம் இருக்கா?"

ஒரு பக்கம் டீச்சருடைய அப்பாவின் சமாதி. மறுபக்கம் கிணறு.

"தாராளமா இருக்குதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

நர்ஸம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மலைமேல் காந்தல் என்ற ஊரில் ஒற்றை அறையில் இருக்கிறார். போகும்போதெல்லாம், "அந்தப் பக்கத்து எடத்த எனக்குன்னு அவ தம்பிகிட்ட சொல்லி வச்சிட்டியா?" என்கிறார். "சொல்லிட்டேங்க" என்று அளக்கிறேன். இந்தப் பனிக்காலத்தில் கட்டிலிலிருந்து கதவுவரை நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது.