மஞ்சள் வயர் கூடத்துக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் முக்கூடலில் எங்கள் வீட்டுக்கு ஒரு வி.சி.டி. பிளேயர் வந்தது. துபாயில் வேலை பார்த்த அத்தான், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு வி.சி.டி., அங்கே ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவரே பேசிப் பதிவு செய்தது. ஆனித் தேருக்கு வர லீவு கிடைத்ததா இல்லையா என்பதை அதில் சொல்லியிருப்பதாகத் தகவல். டி.வி.யோடு இணைக்கும் வயர் மட்டும் வரவில்லை. பெட்டியில் எடை கூடுகிறது என்று கொண்டுவந்தவர் கழித்துவிட்டாராம். அந்த வயரில் என்ன எடை இருந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்யாணமான இரண்டாவது மாதமே அத்தான் விமானம் ஏறிவிட்டார். அவருக்குப் பெற்றவர்கள் இல்லாததால் அக்கா எங்களோடுதான் இருந்தாள். இந்த வி.சி.டி.க்கு முன்பெல்லாம் அவர் கேசட்டில் பேசி அனுப்புவார். அதை அப்பாதான் கூடத்தில் போடுவார். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒவ்வொருவராக நலம் விசாரித்து, கடைசியில் "அவளையும் உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்று முடியும். அத்தனை பேர் கேட்கையில் மனுசன் வேறென்னதான் பேசுவார்! அந்த இடம் வரும்போது அக்கா அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

வயர் வாங்க நானும் அக்காவும் திருநெல்வேலி டவுணுக்கு பஸ் ஏறினோம். ரத வீதிக் கடையில் இரண்டு வகை எடுத்துப் போட்டார்கள். ஒன்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் ஒட்டியே இருந்தன, முனையில் தங்கப் பூச்சு. மற்றது தனித்தனி வயர்கள், சாதாரணமானவை. நான் தங்கப் பூச்சில் கை வைத்தேன். அதில்தான் படம் துல்லியமாக வரும் என்று கல்லூரியில் ஒருவன் அளந்துவிட்டிருந்தான்.

"இதுல எது அண்ணாச்சி படத்துக்கு?" என்று அக்கா கடைக்காரரிடம் கேட்டாள்.

"மஞ்சள் படத்துக்கும்மா. மத்த ரெண்டும் சத்தத்துக்கு."

"சத்தத்த மட்டும் உள் ரூம் டேப் ரெக்கார்டருக்குக் கொண்டு போலாமா?"

"பின்னால சொருவ இடம் இருந்தா போலாம். ஆனா படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு யாரு பாப்பா?"

அக்கா தனித்தனி வயர்களைத் தன் பக்கம் இழுத்தாள். மஞ்சளில் குட்டையாக ஒன்று, சிவப்பிலும் வெள்ளையிலும் நீளமாக ஒவ்வொன்று வாங்கிக்கொண்டாள்.

"கூறு இருக்கா ஒனக்கு?" என்றேன் பஸ்ஸில்.

"பைய பேசுலே. வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

சாயங்காலம் வழக்கமான கூட்டம் கூடிவிட்டது. டி.வி.யில் இரைச்சலாக இருக்கும், உள் அறை டேப்பில்தான் தெளிவாகக் கேட்கும், கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அக்காவே எல்லாவற்றையும் மாட்டினாள். மஞ்சள் வயர் கூடத்து டி.வி.க்குப் போனது. சிவப்பும் வெள்ளையும் நிலைப்படியைத் தாண்டி உள் அறைக்குப் போயின. பின்னாலேயே அவளும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படத்தில் அத்தான் வெள்ளைச் சட்டையில், துணியில் வரைந்த அருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. உள்ளேயிருந்து முணுமுணுப்பு மட்டும் வந்தது.

"ஏட்டி, சத்தத்தக் கூட்டு!" அப்பா கத்தினார். கதவு திறக்கவில்லை.

"மாப்பிள்ளை சிரிக்காகல்லா" என்றாள் அம்மா. "லீவு கெடச்சிருக்கும்."

"வாராக, வாராக. மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றார் அப்பா. அத்தான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சிரிப்பாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தேரன்றைக்கு என்ன சமைப்பது என்று சித்தி பேச ஆரம்பித்துவிட்டாள்.

படம் முடிந்து திரை நீலமாயிற்று. அக்கா வெளியே வந்தாள்.

"வரலயாம். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாகளாம்."

பக்கத்து வீட்டார் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அந்தச் சேதியை இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து கேட்காமல் தப்பித்தாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கப் பூச்சு வாங்காததும் நல்லதாகப் போயிற்று.

அக்கா டி.வி.க்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, அதச் சொல்லும்போது அவுக மொகம் எப்படி இருந்துச்சு? இன்னொருக்கப் போடு, நான் பாக்கணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா எழுந்து போய் மஞ்சள் வயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.