நீலச் சட்டைக்காரன் நின்ற படகு

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே கூட்டித் துடைக்கும் வேலை வீரலட்சுமிக்கு. படங்களில் பாதி அவளுக்குப் பிடிக்காது. கை துடைத்த துணியை மாட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். வாசலுக்கு எதிரே தொங்கிய துறைமுகப் படம் மட்டும் வேறு. கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள். பத்தடி தள்ளி நின்றால் கொச்சித் துறைமுகமே இரைச்சலோடு எழுந்து வரும். கப்பல், கிரேன், புகை, வெயில் சிதறிய தண்ணீர், நெருக்கியடித்த படகுகள். ஒரு படகின் முனையில் நீலச் சட்டையில் ஒருவன் நின்றான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சந்தேகமே இல்லை, அவள் புருஷன் இசக்கிதுரைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் தோப்பும்படியிலிருந்து அவன் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, ஒரு பலகையும் கிடைக்கவில்லை. தாலியைக் கழற்றச் சொன்ன சொந்தக்காரர்களோடு அவள் பேச்சையே முறித்துக்கொண்டாள். தினமும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வாசலில் நின்று அவனைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆயுத பூஜையன்று வாளிக்கும் துடைப்பத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடலுக்குப் போகிற படகுக்கு வைக்காமல் விடலாமா? படத்துப் படகின் முனையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அத்தனை திட்டுகளுக்கு நடுவே அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த வாரமே படம் விற்றுப்போயிற்று. கட்டி அனுப்புமுன் பார்க்க வந்தாள், அதை வரைந்த சுமா டீச்சர். வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தச் சுவப்பு நான் வச்சதில்லையே. யாரு சேச்சி வச்சது?"

"நான்தான் டீச்சர். தப்புதான்." வேலை போனால் போகட்டும் என்று, இத்தனை நாள் கேட்கப் பயந்ததையும் கேட்டுவிட்டாள். "இத எப்ப வரஞ்சீங்க?"

"போன வருஷம் ஓணத்துக்கு. படகுத்துறையில உக்காந்து."

அவன் போய் மூன்று வருஷம் கழித்து. வீரலட்சுமி படகின் முனையைக் காட்டினாள். "அப்ப இவர நேர்ல பாத்தீங்களா? இந்த நீலச் சட்டய? இது எங்க வீட்டுக்காரரு டீச்சர். கடலுக்குப் போனவரு இன்னும் வரல."

சுமா பத்தடி பின்னால் போய் நின்று படத்தைப் பார்த்தாள்.

"அங்க ஆரும் இல்ல சேச்சி. சும்மா கட்டிப்போட்ட படகு. ஆளில்லாம பாக்க என்னவோ போல இருந்துச்சு. அதான் ஒரு ஆள நிறுத்தினேன்."

வீரலட்சுமி மெல்லத் தலையாட்டினாள்.

"ஆமா டீச்சர்," என்றாள். "ஆளில்லாம பாக்க முடியாது."