புளித்த இலை

அந்த மலையில் ஏறும் யாரும் அக்காவின் பிரஷ்ஷுக்குத் தப்ப முடியாது. மந்திரியே வந்தாலும் வனத்துறைக் கேட்டில் காலை நீட்டியாக வேண்டும். பூட்ஸில் ஒட்டிய விதை ஒன்றுகூட மேலேயுள்ள புல்வெளிக்குப் போகக் கூடாது. அவள் வேலையே அதுதான். பதினொரு வருஷமாகத் தினக்கூலி.

ஒரு நாள் வனத்துறை அதிகாரி மட்டும் காலை நீட்டாமல், ஜீப்பிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்தார். காலையெல்லாம் கீழே தன் பண்ணையில் சுற்றியதில் பூட்ஸில் சேறு அப்பியிருந்தது.

"சார், பூட்ஸு!"

"நான் போட்ட சட்டம்மா இது. எனக்கேவா?"

ஊருக்குத்தானே உபதேசம்! ஜீப் ஓட்டிவந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஒன்றும் காணாதவன்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறு வருஷம், அன்று அதிகாரி மேலே போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பாறையருகே ஏதோ சிவப்பாகப் பூத்திருந்தது. அக்கா குனிந்தாள். ஈட்டி முனை மாதிரி இலை, அடியில் இரண்டு பக்கமும் விரிந்த காது. கிள்ளி வாயில் போட்டாள், புளிப்பில் பல் கூசியது. மண்ணை விலக்கினால், நூல் நூலாக வேர் பக்கவாட்டில் ஓடுகிறது. சந்தேகமே இல்லை, காட்டுச் சுக்காங்கீரை. கீழே பண்ணைகளில் மண்டிக் கிடப்பது, இந்த மலையில் இருந்ததே இல்லை. ஓடிவந்து அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி நிமிரக்கூட இல்லை. "தினம் மேல போய்வர்றது யாரு? உன் கால்லதான் வந்திருக்கும்."

அக்கா பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தாள். "நீ சொல்லேன்டா. அன்னைக்கு சார் எங்கேயிருந்து வந்தாரு?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாதக் கடைசியோடு வேலை இல்லை என்றாகிவிட்டது. போவதற்குள் அந்தச் செடிகளை மண்வெட்டியால் கொத்திப் போட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

"கொத்தக் கூடாது சார். துண்டான வேரெல்லாம் தனித்தனியா முளைக்கும். மண்ணோட அள்ளி எடுக்கணும்."

"எனக்கே பாடமா? சொன்னதைச் செய்."

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பிதான் கூட வந்தான். "மன்னிச்சிடுக்கா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையாடா?"

மண்வெட்டியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே கொத்தினாள். ஒரு வேரையும் விடாமல், பொடிப்பொடியாகக் கொத்தினாள். தம்பி எட்டி அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, வேர் துண்டானா முளைக்கும்னு நீதானே சொன்னே?"

"எனக்கு ஞாபகம் இல்லடா" என்றாள்.