மாலை போட ஒரு படம்

பினாங்கில் பாகான் டாலாம் ஊர்க்காரர் அய்யாக்கண்ணுவுக்கு வராத வியாதி இல்லை. டெங்கி வந்தது, பக்கவாதம் வந்தது, சர்க்கரையில் ஒரு கால் போனது. எல்லாம் தொலைக்காட்சியில். கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பங்களாவை ஆஸ்பத்திரியாக்கித் தமிழ் நாடகம் எடுக்கிறார்கள். படுக்கையில் கிடக்க ஆள் வேண்டும். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த மனிதர், ஃபெரி ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வாரம் தாடி, மறு வாரம் மொட்டை. பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரிந்தால்தானே!

சும்மா சொல்லக் கூடாது, படுப்பதில் கெட்டிக்காரர். பக்கவாதத்தில் வாய் எப்படிக் கோணும் என்று கிளினிக் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்தார். சிறுநீரகக் கோளாறுக்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. செத்துப்போன மனைவி தனலெட்சுமியை நான்கு வருடம் டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவர் அவர். அந்தக் காட்சியில் மகளாக நடித்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘கட்’ சொன்ன பிறகும் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் அவரைத் தொட யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் அந்த நோயாளி சாக வேண்டும். சுவரில் மாட்டி மாலை போட அவர் படம் ஒன்று வேண்டும் என்றாள் உதவி இயக்குநர் துளசி. கேட்கும்போதே தயங்கினாள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட நம் வீடுகளில் விடுவார்களா? போன மாதம் இன்னொரு நடிகரின் மனைவி செட்டுக்கே வந்து சண்டை போட்டுப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்.

“வீட்டுல கேட்டுட்டு வாங்க அங்கிள். யாராச்சும் வேணாம்னா விட்டுடலாம்.”

அன்று மாலையே ஜொகூரில் இருக்கும் மகன் சிவநேசனுக்குப் போன் போட்டார். படம், பொட்டு, மாலை, விளக்கு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். என்னப்பா பேச்சு இது என்று ஓர் அதட்டல் போட மாட்டானா என்றிருந்தது. அந்த வேஷமே கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அவன் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

“ஷூட்டிங்தானேப்பா, குடுங்க லா. காடி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்.”

அப்புறம் பேசவில்லை. அவர் அலமாரியைக் கிளறி, மகன் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதில் தன் முகத்தை மட்டும் கடையில் பெரிதாக்கி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் துளசியிடம் நீட்டினார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டாள்.

“கேட்டுட்டேன்மா. யாரும் வேணாங்கல.”