கோடும் கட்டத்தைச் சேர்ந்தது

பதினொரு வயதில் எனக்கு என்மீது இருந்த நம்பிக்கையில் பாதிகூட இன்று கிடையாது. மலாயாவில், குளுவாங் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த பிள்ளைகளுக்குள் பந்தை அதிக தூரம் அடிப்பவள் நான்தான். இதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது முப்பதுகளின் கடைசி. எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்த ஓர் அமெரிக்க மிஷன் டீச்சர் சாப்ட்பால் என்கிற ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். எதிரணிக்காரி கையைக் கீழிருந்து வீசிப் பந்தை மெதுவாகப் போடுவாள். அடிப்பவள் சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு கட்டத்துக்குள் நின்று அடித்துவிட்டு, திடலில் குறித்த நாலு மூலைகளையும் தொட்டு ஓடிவர வேண்டும். எனக்கு ஒரு பழக்கம். பந்து மெதுவாக வருவதைப் பொறுக்க முடியாமல் இடது காலை நீட்டிவைத்து முன்னால் போய் வாங்கிக்கொள்வேன். பசித்தவள் பரிமாறும் வரை காத்திருப்பாளா?

என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, அதே பள்ளியில் டீச்சர். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு எங்களோடு வந்து தங்கியவர். வீட்டில் சின்னம்மா, பள்ளியில் டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்கு முதல் நாளே சொல்லப்பட்ட சட்டம். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பள்ளி எங்களோடு ஆட வருவதாக ஏற்பாடாகி, அந்த வாரம் பார்த்து அமெரிக்க டீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, நடுவராக நிற்கச் சொல்லி, விசிலையும் விதிப் புத்தகத்தையும் சின்னம்மாவிடம் கொடுத்தார். அதுவரை அந்த விசில் வெள்ளைக்காரப் பெண்களின் கழுத்தில் மட்டும்தான் தொங்கியிருந்தது. சின்னம்மா ஐந்து நாள் அந்தப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சோறு ஆறுவது தெரியாமல் படித்தார். ஆட்டத்தன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

காலையில் பெய்த மழையில் திடலின் செம்மண் குழைந்திருந்தது. ரயில்வே குமாஸ்தாக்களான கிராணிமார் குடும்பத்தோடு வந்து ஓரமாக நின்றார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். கடைசிச் சுற்றில் நாங்கள் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்கள் பெண் ஒருத்தி மூன்றாம் மூலையில் காத்திருந்தாள். நான் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது.

பந்து வந்தது. பாதி வழி போய் நானும் வரவேற்றேன். அடி விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து தண்டவாளத்தையொட்டிய வடிகாலில் போய் விழுந்தது. முன்னால் அவள் ஓடிவந்து சேர, பின்னால் நானும் நாலு மூலைகளையும் தொட்டுவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் குதித்துக்கொண்டிருக்கையில், வந்த பள்ளியின் டீச்சர் கட்டத்தருகே நின்று கையை உயர்த்தினார்.

"இங்க வந்து பாருங்க டீச்சர். கால் எங்க இருக்குன்னு மண்ணே சொல்லுது."

ஈர மண்ணில் என் இடது கால் அச்சடித்தாற்போல் பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் பாதிப் பாதமும் கோட்டுக்கு வெளியே கிடந்தன. குதிகால் மட்டும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தது. சின்னம்மா குனிந்து பார்த்தார். சேலை முந்தானை சேற்றில் படுவதையும் கவனிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ கோட்டை மிதிச்சனியோ?"

கோட்டை மிதித்தாலே ஆட்டமிழந்த மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொய் சொல்ல அச்சு விடவில்லை.

"ஓம் சின்னம்மா, மிதிச்சனான்."

டீச்சர் என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் சின்னம்மா வந்துவிட்டது. வந்த பள்ளிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னம்மா புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். கோடும் கட்டத்தைச் சேர்ந்ததுதான். பந்தை அடிக்கிற நேரத்தில் பாதம் முழுவதும் கோட்டைத் தாண்டித் தரையில் இருந்தால்தான் குற்றம். குதிகால் கோட்டில் இருக்கிறது, ஆகவே அடி செல்லும்.

"பிள்ளையே ஒத்துக்கிட்டாளே! இது என்ன நியாயம்?" என்றார் அந்த டீச்சர்.

"அவ மிதிச்சதைத்தான் ஒத்துக்கொண்டவ. மிதிக்கிறது பிழையில்லை. நீங்களே வாசிச்சுப் பாருங்கோ."

அவர் புத்தகத்தை வாங்கவில்லை. சின்னம்மா விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார். ஓரத்தில் நின்ற கிராணி ஒருவர், "வீட்டுப் பிள்ளையை விட்டுக்குடுக்கேலுமே?" என்று சொல்லிச் சிரிக்க, நாலு பேர் கூடச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். புத்தகத்தில் என்ன இருந்தால் என்ன, சின்னம்மா என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றே நானும் நம்பினேன். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை என்னைத் தம் அறைக்கு அழைத்தார். மேசையில் ஜொகூர் பாருப் பள்ளியிலிருந்து வந்த ஒரு கடிதம் விரித்தபடி கிடந்தது. நான் ஆட்டத்தில் ஜெயித்ததைப் பற்றிப் பாராட்டப்போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். அவர் அன்பாகவே கேட்டார். உன் காலடி வெளியே இருந்தும் உன் சின்னம்மா ஏன் அந்த அடியைச் செல்லும் என்றார், உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியாத கேள்வியா? என் ஆங்கிலம் அவ்வளவு தெளிவாக என்றைக்கும் வந்ததில்லை. சின்னம்மாவுக்கு என்மேல் கொள்ளை ஆசை என்றேன். நான் எது செய்தாலும் அவர் என் பக்கம்தான் நிற்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் நான் கொடுத்திராத பெரிய பாராட்டு அது. தலைமையாசிரியை நன்றி சொல்லி, கடிதத்தை மடித்து வைத்தார்.

அதற்குப் பின் சின்னம்மா திடலுக்கு வரவில்லை. தையல் வகுப்பு மட்டும் எடுத்தார். விசில், காய்ச்சல் தெளிந்து வந்த அமெரிக்க டீச்சரிடமே திரும்பப் போனது. ஒரு மாலை அம்மா, "ஏன் தங்கச்சி, என்ன நடந்தது?" என்று கேட்டார். சின்னம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை அக்கா. இனி வேண்டாமெண்டு நானே சொல்லிப்போட்டன்."

பின்னல் வழக்கம்போல இறுக்கமாக, வலிக்காமல் விழுந்தது. என்னை அழைத்து விசாரித்தது அவருக்குத் தெரியுமா என்பதை நான் யோசிக்கவே இல்லை. அன்று எனக்கு ஆட்டமிழப்புக் கொடுத்திருந்தால் ஊரே அவர் நேர்மையைப் பேசியிருக்கும். அத்தனை பேர் எதிரில், தன் வீட்டுப் பிள்ளைக்கு, உள்ளதை உள்ளபடி சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பாசம் என்று சாட்சி சொன்னவள் நான் என்பதும் தெரியாது. பின்னல் முடிந்ததும் அவர் மடியிலிருந்து எழுந்து, மட்டையை எடுத்துக்கொண்டு ஆட ஓடினேன்.